பந்தில் ஒட்டிய திருநீறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் கடிதப் பகுதியில், தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் காற்பந்து ஆடுவது பக்தியைக் குலைக்கிறது, இனி கோயில் திடலில் பூசையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர் இல்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. வளர்ந்தவன் என்ற முறையில் நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஊர் பெஸ்தாரி ஜெயா. என் வயதுக்காரர்கள் வாயில் இன்னமும் அதன் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவிலேயே முதன்முதலில் வணிகத்துக்காகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது, நட்டது 1917-இல். தென்னையின் பெயரில் செம்பனை! வெள்ளைக்காரத் துரையின் கணக்கு அப்படி. நான் பிறந்த தோட்டத்தில் அப்போது பால்மரம் என்கிற ரப்பர் மரம்தான். விடிவதற்கு முன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, பிறகு ஆளுக்கொரு நிரை, கையில் உளி, மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் மங்கு. காட்டுக்குள் தனித்தனியே நின்று பால் வெட்டியவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் முகம் பார்த்துச் சிரித்தது மாரியம்மன் திருவிழாவில்தான். கோயிலுக்கு முன்னால் திடல், திடலின் மறுகோடியில் சமையல் கொட்டகை. நடுவில் வேலி கிடையாது.

தீமிதிக்கு முந்தின நாள் பிற்பகலில் ஆட்டம். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் முதலில். வென்றவர்கள் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பையன்களோடு ஆடவேண்டும். பந்தைச் சன்னதிப் படியில் வைப்போம். பூசாரி தோல் பந்து என்று முகம் சுளிப்பார், உள்ளே விடமாட்டார், ஆனாலும் படியிலேயே வைத்து ஒரு பொட்டுக் குங்குமம் வைத்துவிடுவார். காப்புக் கட்டியவர்கள் கோல் காவலராக மட்டுமே நிற்கலாம் என்பது அவர் போட்ட சட்டம். காலில் உதை வாங்கினால் மறுநாள் எப்படிப் பூ மிதிப்பான் என்பது அவர் கவலை. சித்திரை மாத மழை பிடித்துக்கொண்டால் பந்து ஈரத்தில் ஊறிக் கல்லாகிவிடும். தலையால் முட்டியவன் நெற்றியிலிருந்த திருநீறு பந்துக்குப் போய்விடும், பந்திலிருந்த சேறு நெற்றிக்கு வந்துவிடும். ஆட்டம் முடிந்து அப்படியே வரிசையில் வந்து நிற்பார்கள். பூசாரி சேற்றின் மேலேயே புதிதாகப் பூசி அனுப்புவார். இதில் பக்தி எங்கே குலைந்தது என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நம் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது எனக்கு வயது பன்னிரண்டு. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு வானொலியைச் சுற்றி அரைத் தோட்டம் நின்றது. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். கோல் கம்பத்தில் நின்றவர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கியவர். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்துவிட்டது, அவர்கள் போகவே இல்லை. அது வேறு வருத்தம். ஆனால் அந்த ஆண்டுத் திருவிழாவில் கீழ் லயத்துக் கோல் காவலர் எல்லாப் பந்துக்கும் பறந்தார், கோல் கம்பத்துக்கு நாலடி வெளியே போகிற பந்துக்கும் பறந்தார். 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்த செய்தி வந்த அன்று பூசாரி அவர் பெயரைச் சொல்லி ஒரு விளக்கேற்றினார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் என் அம்மாவின் ஆவி என்னை மன்னிக்காது. முந்தின இரவு முழுக்கப் பெண்கள் துருவுமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவுவார்கள். பழைய பால்மரக் கட்டைகள் அடுப்பில் எரியும். பரங்கிக்காய்ச் சாம்பார், கோஸ் பொரியல், ஜவ்வரிசிப் பாயசம், இவ்வளவுதான். கம்பத்துப் பையன்கள் அம்மனுக்குப் படைத்ததை உண்ணமாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி, தேநீரோடு தனியாக வைத்திருப்பார்கள். ஒருவரும் சங்கடப்படாமல் திடலோரத்தில் உட்கார்ந்து தின்பார்கள். நோன்புப் பெருநாளுக்குக் கம்பத்து வீடுகளிலிருந்து மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு வரும், மாட்டிறைச்சி படாத சட்டியில் சமைத்த கோழி ரெண்டாங் கறியும் வரும். சட்டி வேறு என்பதை ஒவ்வோர் ஆண்டும் அதைக் கொண்டுவரும் அம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

கடிதம் எழுதிய அன்பர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குடித்துவிட்டுத் திடலுக்கு வருகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஒலிபெருக்கியும் காதைக் கிழிக்கிறது. அவர்களை வெளியே அனுப்புங்கள், ஒலியைக் குறையுங்கள். பந்து என்ன பாவம் செய்தது?

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்தது. செம்பனைக்கு நடுவே இப்போது மிச்சமிருப்பது கோயிலும் திடலும் மட்டும்தான். அந்தத் திடலுக்கும் தார் போட்டுக் கார் நிறுத்துமிடமாக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ காரில் வருகிறார்கள் என்பது உண்மைதான். கார்களைத் தோட்டச் சாலையோரம் விட்டுவிட்டு நூறு கெஜம் நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

இந்த ஆண்டும் ஆட்டம் உண்டு. மேல் லயத்துக் குழுவில் இதுவரை பத்துப் பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், அதில் இருவருக்கு முழங்கால் வலி. அன்பர் வந்தால் பூசையும் பார்க்கலாம், சாம்பாரும் சாப்பிடலாம். கோல் காவலர் இடம் காலியாக இருக்கிறது. காப்புக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மேல் லயத்துப் பழைய ஆட்டக்காரன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.