பிரபுக்கள் சபையின் பரம்பரை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், 2025 பெப்ரவரி

மதிப்புக்குரிய பரம்பரைப் பிரபுக்களுக்கு,

வணக்கம். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மேல்சபையில், பட்டத்தோடு பரம்பரையாக வரும் உங்கள் ஆசனங்களை நீக்கும் சட்டமூலம் இப்போது உங்கள் சபையில்தான் இருக்கிறது. சென்ற செப்டெம்பரில் அரசு கொண்டுவந்த அதை, மக்கள் தெரிவு செய்யும் கீழ்ச்சபையான பொதுச்சபை நவம்பர் 12ஆம் திகதி 435க்கு 73 என்ற வாக்குகளால் நிறைவேற்றி உங்களிடம் அனுப்பியது. டிசம்பரில் இரண்டாம் வாசிப்பு நடந்தது. அடுத்து வருவது, சட்டமூலத்தை வரி வரியாக ஆராய்ந்து திருத்தும் குழுநிலை. அங்கே திருத்தத்துக்கு மேல் திருத்தம் வைத்து இதை இழுத்தடிக்காதீர்கள், உங்கள் வாக்காலேயே நிறைவேற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் லண்டனில் வாழும் ஈழத்தமிழன். இங்கே குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை. உள்ளூராட்சித் தேர்தல் நேரங்களில் கதவு தட்டித் துண்டுப்பிரசுரமும் கொடுத்திருக்கிறேன். மழையில் நனைந்துகொண்டு, நாய் குரைக்கும் வாசலில் நின்று, குப்பை வண்டி ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஒரு வாக்கைப் பெற வேண்டியிருக்கிறது. 2024 யூலையில் ஸ்ட்ராட்போர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று, பொதுச்சபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் ஆனார். அவரும் அப்படித்தான் அங்கே போனார். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதி மக்கள் வேண்டாம் என்றால் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். உங்களிடம் அப்படிச் சொல்ல இந்த நாட்டில் யாருக்கு உரிமை இருக்கிறது?

இந்தப் பரம்பரை உரிமை எப்படிப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்ப்பக்கமே ஒரு வரலாறு இருக்கிறது. சுதந்திர இலங்கையின் அரசியலமைப்புக்கு வழிவகுத்த ஆணைக்குழுவின் தலைவர் சோல்பரி பிரபு. பின்னாளில் இலங்கையின் மகாதேசாதிபதியாகவும் இருந்தவர். 1971இல் அவர் காலமானபோது விஸ்கவுண்ட் பட்டம் மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொதமுக்கு வந்தது. அந்த மகனோ யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் சீடராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு எங்கள் மண்ணில் துறவு வாழ்க்கை வாழ்ந்தவர். அவரைக் கைகூப்பி நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் 1971 முதல் 1999 வரை, வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்து ஆறு கோடி மக்களுக்கான சட்டத்துக்கு வாக்களிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. பிரித்தானிய மக்களும் அதை அவருக்குக் கொடுக்கவில்லை. தகப்பனுடைய பட்டம் வந்தது, அதோடு சேர்ந்து இதுவும் வந்தது. உலகத்தையே விட்டு விலகிய ஒருவரைக்கூட ஒரு நாட்டின் சட்டவாக்கச் சபைக்கு உரியவராக்கிய முறை இது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே சோல்பரி அரசியலமைப்பு இலங்கைக்கு ஒரு மேல்சபையைத் தந்தது. அந்தச் செனட்டில் 30 பேர். பாதிப் பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்தது, மீதிப் பேரை மகாதேசாதிபதி நியமித்தார். பிறப்பால் வந்தவருக்கென்று ஓர் ஆசனம்கூட அதில் ஒதுக்கப்படவில்லை. எங்களுக்கு மேல்சபை வகுத்தபோது லண்டனுக்கு வேண்டாததாக இருந்த ஒன்று, லண்டனில் மட்டும் இன்றுவரை ஏன் தேவைப்படுகிறது? பரம்பரையாக வருவோருக்கு மேல்சபையில் இடம் கொடுக்கும் நாடு என்று உங்களோடு சேர்த்து வழக்கமாகச் சொல்லப்படுவது லெசோத்தோ. அங்கே 22 பெருந்தலைவர்கள் செனட்டில் இருக்கிறார்கள்.

"பொறுங்கள், முழுச் சீர்திருத்தமும் ஒன்றாக வரட்டும்" என்று டிசம்பர் விவாதத்தில் உங்களில் பலர் சொன்னீர்கள். இந்தப் பேச்சுக்கு 114 வயது. அன்றைய நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜின் வரவுசெலவுத் திட்டத்தை 1909இல் உங்கள் முன்னோர் தோற்கடித்ததால் வந்த 1911ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தின் முகவுரையைப் பாருங்கள். பரம்பரையை விட்டு மக்கள் ஆதரவில் அமையும் இரண்டாம் சபை ஒன்றை உருவாக்குவதே நோக்கம், ஆனால் உடனடியாக அதைச் செய்ய முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1999இல் 600க்கும் மேற்பட்ட பரம்பரைப் பிரபுக்கள் வெளியேறியபோது 92 பேர் தங்கியதும் தற்காலிக ஏற்பாடாகத்தான். உங்கள் சபையில் கன்சவேட்டிவ் கட்சியின் தலைவராக இருந்த கிரான்போர்ன் பிரபு தன் கட்சித் தலைவருக்கே தெரியாமல் டோனி பிளேயர் அரசோடு பேசி முடித்த உடன்பாடு அது. அதற்காக அந்தக் கட்சித் தலைவர் வில்லியம் ஹேக் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டாம் கட்டச் சீர்திருத்தம் வரும்வரை என்று சொல்லி இருந்த 92 ஆசனங்கள் கால் நூற்றாண்டு இருந்துவிட்டன. 2012இல் துணைப் பிரதமர் நிக் கிளெக் கொண்டுவந்த முழுச் சீர்திருத்தம் 462க்கு 124 என்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டியும், 91 கன்சவேட்டிவ் உறுப்பினர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. முழுதாக வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இதுவரை கிடைத்தது இவ்வளவுதான்.

அந்த 92 ஆசனங்களில் வெற்றிடம் வந்தபோது நடந்த இடைத்தேர்தல்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2016இல் லிபரல் டெமொக்ரட் பக்கத்தில் ஓர் இடம் காலியானது. போட்டியிட்டவர்கள் ஏழு பேர். வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள் மூன்று பேர், அந்தக் கட்சியின் பரம்பரைப் பிரபுக்கள். வேட்பாளர்கள் தங்களைப் பற்றி 75 சொல்லுக்குள் எழுதிக் கொடுக்கலாம். மூன்று வாக்கும் தேர்சோ விஸ்கவுண்டுக்கு விழுந்தன. அவர் அதற்கு முன் பொதுச்சபையில் பல ஆண்டு இருந்தவர், திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2015 தேர்தலில் அவருடைய தொகுதி மக்கள் வேறொருவரைத் தெரிவு செய்தார்கள். ஓராண்டு கழிவதற்குள் மூன்று பேர் அவரைத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இதை என் தெருவில் இருக்கும் ஒரு வாக்காளருக்கு எப்படி நியாயப்படுத்துவேன்?

பெண்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மார் சீமாட்டி 2020இல் ஓய்வு பெற்றபின் உங்கள் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. பெரும்பாலான பட்டங்கள் ஆண்வழியில் மட்டும் போகின்றன. மூத்த மகள் எவ்வளவு படித்தவளாக இருந்தாலும் அவளைத் தாண்டித் தம்பிக்கோ தூரத்து ஆண் உறவினருக்கோ போய்ச் சேரும். தகப்பன் விட்டுச்சென்ற வீட்டையும் காணியையும் எந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது என்பது அந்தக் குடும்பத்தின் பாடு. ஒரு நாட்டின் சட்டமன்ற ஆசனத்தை அப்படிப் பிரித்துக் கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் உரிமை இல்லை.

இப்போது சிலர், "இருப்பவர்கள் சாகும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை இருக்கட்டும், புதியவர்கள் மட்டும் வேண்டாம்" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத்தானே தொழிற்கட்சியின் குரோகொட் பிரபு 2016 தொடக்கம் தனிநபர் சட்டமூலமாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்? இடைத்தேர்தலை மட்டும் நிறுத்துவோம், யாரையும் வெளியேற்ற வேண்டாம் என்றார். உங்களில் ஒரு சிலர் திருத்தங்களை அடுக்கி, நேரத்தைத் தின்று, அதை நிறைவேற விடவில்லை. சபையில் பெரும்பான்மையானோர் அவர் பக்கம் நின்றும் அது சட்டமாகவில்லை. அன்று அந்த மெதுவான வழியை ஏற்றிருந்தால் இன்று இந்தச் சட்டமூலத்துக்கே இவ்வளவு அவசரம் இருந்திராது. அப்போது வேண்டாம் என்று தள்ளியதை இப்போது சலுகையாகக் கேட்பது சரியல்ல.

உங்களில் கடுமையாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன். சட்டமூலங்களை வரி வரியாகப் படித்துக் குழுக்களில் பேசுகிறவர்கள், பல அரசுகளில் அமைச்சுப் பொறுப்பைச் சுமந்தவர்கள் உங்களிடையே உண்டு. ஏர்ல் ஹோவ் போன்றவரின் பல பத்தாண்டு அனுபவத்தை இழப்பது சபைக்கு நட்டம்தான். அந்த நட்டத்தைத் தவிர்க்க வழியும் இருக்கிறது. கட்சித் தலைவர்கள் அப்படிப்பட்டவர்களை, பிள்ளைகளுக்குப் போகாத பட்டம் பெறும் ஆயுட்காலப் பிரபுக்களாக முன்மொழியலாம். 1999இலும் சிலருக்கு அது நடந்தது. அப்படி வருகிறவர் தன் உழைப்பின் பெயரால் வருவார்.

உங்கள் பக்கத்து வாதங்களில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்த ஒன்று இருக்கிறது. நீங்கள் போய்விட்டால், 26 ஆயர்களைத் தவிர, ஏறத்தாழ எல்லோரும் பிரதமர்கள் நியமித்தவர்களாகவே இருப்பார்கள் என்கிறீர்கள். சரிதான். 800க்கு மேல் உறுப்பினர் கொண்ட சபைக்கு உச்ச எண்ணிக்கை என்று ஒன்று இல்லை. புதிய உறுப்பினர்களின் தகுதியைப் பரிசீலிக்கும் நியமன ஆணைக்குழு ஆட்சேபித்தாலும் பிரதமர் அதை மீறலாம். 2020இல் கன்சவேட்டிவ் நன்கொடையாளர் பீற்றர் க்ருடாஸின் விடயத்தில் பொரிஸ் ஜோன்சன் அதைத்தான் செய்தார். 2017இல் சபையின் அளவை ஆராய்ந்த பேர்ன்ஸ் குழு 600 பேருக்கு மேல் கூடாது, 15 ஆண்டுக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அப்போதைய பிரதமர் தெரேசா மே நியமனங்களில் ஓரளவு கையைக் கட்டிக்கொண்டார், அடுத்து வந்த ஜோன்சன் அவிழ்த்துவிட்டார்.

ஆனால் பிரதமரின் நியமன அதிகாரத்துக்கு உங்கள் 92 ஆசனங்கள் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. அவை இருந்த காலத்தில்தான் சபை இவ்வளவு வீங்கியது. பிரதமரின் கையைக் கட்டவேண்டும் என்று நீங்கள் நிச்சயமாக நம்பினால், அதற்கென்று ஒரு தனிச் சட்டமூலத்தை உங்கள் நண்பர்களான ஆயுட்காலப் பிரபுக்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உச்ச எண்ணிக்கை, பதவிக்காலம், ஆணைக்குழுவுக்குச் சட்ட அதிகாரம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதி அதை ஆதரிக்கச் சொல்வது எங்கள் பொறுப்பு. நான் முதல் ஆளாக எழுதுவேன்.

பரம்பரை ஆசனங்களை நீக்குவது தொழிற்கட்சியின் 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தில் வெளிப்படையாகவே இருந்தது. விஞ்ஞாபனத்தில் சொன்னதை உங்கள் சபை மறிக்காது என்பது நீங்களே போற்றிவரும் சால்ஸ்பரி மரபு. ஆகவே குழுநிலையில் இந்தச் சட்டமூலத்தைத் தாமதப்படுத்தும் திருத்தங்களை மீளப் பெறுங்கள். மூன்றாம் வாசிப்பில் ஆதரித்து வாக்களியுங்கள்.

மரியாதையுடன்,
கிழக்கு லண்டன் வாக்காளர் ஒருவர்