இரண்டு பழைய பெட்டிகளும் ஒரே ஒரு ஃபோட்டோ ஃபோல்டரும்

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு நீ திட்டப்போவது தெரியும். திட்டி முடித்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் நலம். நம் நண்பன் பாலுவிடமும் உன் திட்டத்தைச் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, உன் டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டுமே விண்டோஸ் 11-க்குத் தேறாது, அதனால் ஒன்றை வீட்டு சர்வராக்கிப் படம், பாட்டு, ஃபோட்டோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு கிளவுட் சந்தாவை வெட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். முன்பாதி நல்ல யோசனை. அந்தக் கடைசி வரிதான் வயிற்றைக் கலக்குகிறது. அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பெட்டி என்று கேட்டாயே, லேப்டாப்தான். உன் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். வருஷம் முழுக்க ஓடினால் 350 யூனிட். திரை அணைந்த லேப்டாப் 10 வாட் என்றால் 88 யூனிட்தான். ஊகிக்க வேண்டாம், பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்து அளந்து பார். போதாததற்கு லேப்டாப்பில் பேட்டரி என்ற பெயரில் ஒரு குட்டி யூபிஎஸ் கூடவே வருகிறது.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியதும் அதே பேட்டரியைத்தான். மேசையில் வை, அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? அப்படியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல் கழற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு. பல மாடல்கள் அடாப்டரில் மட்டுமே ஓடும். உப்பவில்லை என்றாலும் எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருக்காதே. பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) சார்ஜ் வரம்பு இருந்தால் 80-க்கு, முடிந்தால் 60-க்கு இறக்கு. பயாஸில் இல்லையென்றால், விண்டோஸுக்குப் பதில் நீ போடப்போகும் லினக்ஸில் டிஎல்பி என்ற நிரல் பல மாடல்களில் அதைச் செய்யும்.

பழைய விண்டோஸை அழிக்கும் முன், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் குச்சி வேண்டாம். கெட்ட ரேம் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும், உனக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்குகளுக்கு, அவற்றின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை. அது கொட்டும் அட்டவணையைப் பார்த்து மிரளாதே, நாலு வரி போதும். 5-ஆம் எண் கெட்டதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்), 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 திருத்த முடியாதவை. 197-க்கு நேரே பூஜ்யத்தைத் தவிர வேறெது இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பாதே. 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை, சாட்டா கேபிளை மாற்று. இது முடிந்ததும் அதே கட்டளையின் நீண்ட சோதனையையும் ஓடவிடு. பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும்.

அப்புறம் டெபியன் 13 என்ற லினக்ஸைப் போடு. நிறுவும்போது டெஸ்க்டாப் சூழல் எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் ஒன்றை மட்டும் விடு. 4 ஜிபி ரேமில் கோப்புகளைப் பகிரும் சாம்பாவும் படம், பாட்டு ஓட்டும் ஜெல்லிஃபினும் தாராளமாக ஓடும். ஃபோட்டோவுக்கு இம்மிச் போடப்போகிறாய் என்றால் 8 ஜிபி ஆக்கிவிடு. சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில், தரவு தனி டிஸ்க்கில். (பாலு தன்னுடைய 32 பிட் பெட்டியைக் கொண்டுவந்தால் டெபியன் 13-இல் அதற்கு நிறுவியே கிடையாது என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டான்.)

மூடியை மூடியதும் லேப்டாப் தூங்கிவிடும். எட்சி ஃபோல்டரில் சிஸ்டம்டிக்குள் லாகின்டி.கான்ஃப் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் வரியின் முன்னாலுள்ள # குறியை நீக்கி மதிப்பை இக்னோர் என்று மாற்றி, ரீபூட் செய். சில மாடல்கள் கீபோர்டு வழியாகவும் காற்று இழுக்கும். மூடிய பின் சூடு ஏறினால் சற்றே திறந்து வை.

வைஃபையில் சர்வர் ஓட்டாதே. கேபிள் செருகி, ஈத்டூல் கட்டளையில் வேகம் 1000 என்று வருகிறதா என்று பார். எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடலாம். நொடிக்கு 110 எம்பி போகவேண்டியது 11-இல் நொண்டும், நீ டிஸ்க்கைத் திட்டிக்கொண்டிருப்பாய். ரவுட்டரில் இதற்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிடு.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். எந்த டிஸ்க் எங்கே ஏறவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூஎஸ்பி டிஸ்க்கை எழுதும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாதே. அந்தப் பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம். மாறாத அடையாளமான யூயூஐடியை எழுது, கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேர். இல்லாவிட்டால் கேபிள் கழன்ற அன்றைக்குச் சிஸ்டம் ஒன்றரை நிமிஷம் டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் உட்கார்ந்துவிடும், எஸ்எஸ்எச்சும் வராது. ஆனால் நோஃபெயிலுக்கும் ஒரு வால் உண்டு. டிஸ்க் ஏறாதபோது மவுன்ட் ஆகவேண்டிய இடம் வெறும் ஃபோல்டராக நிற்கும். இம்மிச் எதையும் கவனிக்காமல் அதிலேயே எழுதி, சின்ன எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். டிஸ்க்கை ஏற்றும் முன்பே அந்தக் காலி ஃபோல்டர்மேல் சேட்டர் கட்டளையால் பிளஸ் ஐ போட்டுப் பூட்டிவிடு. டிஸ்க் இருந்தால் எழுதும், இல்லாவிட்டால் பிழை காட்டி நிற்கும். டிஸ்க்கும் தனி அடாப்டர் உள்ளதாக இருக்கட்டும்; பழைய யூஎஸ்பி போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் நம்பினால் பெரிய காப்பி நடுவில் அறுந்துவிடும்.

ஜெல்லிஃபின் பற்றி ஒன்றுதான். உன் லேப்டாப் ஆறாம் தலைமுறை. எச்இவிசி என்ற வீடியோ வடிவத்தில் 8 பிட் வரை வன்பொருளே பிரித்துக்கொள்ளும், 10 பிட் வந்தால் பிரிக்கும் பாரம் பிராசஸர் தலையில் விழும். டிவியே அந்தக் கோப்பை நேரடியாக ஓட்டினால் சர்வருக்கு வேலையே இல்லை. வீட்டின் இணைய முகவரித் தேடலைத் தன் வழியாக்கி விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் ஆசை இப்போதைக்கு வேண்டாம். சர்வரை ரீபூட் செய்யும் ஒவ்வொரு முறையும் வீட்டில் "நெட் போச்சு" என்று கூச்சல் கிளம்பும், பாக்கியம் உன்னைச் சும்மா விடமாட்டாள். வெளியிலிருந்து பார்க்கவேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்காதே; டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போதும், பொது ஐபி இல்லாத இணைப்பிலும் அது வேலை செய்யும்.

சரி, சந்தாவை வெட்டுவது பற்றிய அந்தக் கடைசி வரி.

"ரெண்டு டிஸ்க்கை மிரர் போட்டுட்டா பேக்கப் ஆச்சு" என்று எழுதியிருக்கிறாய். ஆகாதுடா. மிரர் என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதுவது. ஒரு டிஸ்க் செத்தால் மிரர் காப்பாற்றும், அதோடு சரி. பையன் தெரியாமல் ஒரு ஆல்பத்தை அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் அழியும். மின்னழுத்தம் எகிறினால் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டும் போகலாம். உன் ஃபோட்டோ ஃபோல்டரில் அம்மாவின் கடைசி இரண்டு வருஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

டெஸ்க்டாப்பைத் தூக்கிப்போடாதே. அதுதான் உன் பேக்கப் பெட்டி. பெரிய டிஸ்க் ஒன்றை அதில் மாட்டி, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆன் செய். மற்ற நேரம் மின்சாரமே வேண்டாம். சர்வர் அதற்குத் தள்ளக்கூடாது, டெஸ்க்டாப்தான் சர்வரிலிருந்து இழுக்கவேண்டும். சர்வரிடம் டெஸ்க்டாப்புக்குள் நுழையும் சாவி இல்லையென்றால், சர்வருக்குள் எது நுழைந்தாலும் பேக்கப்பைத் தொடமுடியாது. வெறும் ஆர்சின்க் என்ற காப்பிக் கருவியில் டெலீட் விருப்பத்தைப் போட்டால் அங்கே அழிந்தது இங்கேயும் அழியும். ரெஸ்டிக் போல நாள்வாரியாக நிலைகளைச் சேர்க்கும் கருவியை வை. ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துவிடும். கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்கமுடியாது, காகிதத்தில் எழுதி வை. மூன்றாவது பிரதி ஒரு வெளி டிஸ்க்கில், நம் நண்பன் மணியின் வீட்டில். இம்மிச்சில் ஆல்பங்களும் முகங்களும் டேட்டாபேஸில் இருக்கின்றன. படங்களின் ஃபோல்டரை மட்டும் காப்பியெடுத்தால் அவை வராது, டேட்டாபேஸின் பிரதியான டம்ப்பும் சேரவேண்டும்.

டெஸ்க்டாப்பைத் திறக்கும்போது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரியையும் மாற்றிவிடு. அது செத்திருந்தால், நீ பிளக்கைப் பிடுங்கிவைத்த பெட்டி ஒவ்வொரு வாரமும் பழைய தேதியில் விழிக்கும். அப்டேட்டும் சான்றிதழும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று அடம்பிடிக்கும், நீ நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருப்பாய்.

கிளவுடிலிருந்து கூகுள் டேக்அவுட் வழியாக இறக்குவாய் என்றால், தேதி, இடம் போன்ற விவரங்கள் தனி ஜேசன் கோப்புகளாக வரும். படங்களை மட்டும் பிரித்தெடுத்தால் பல படங்கள் இறக்கிய தேதியிலேயே போய் உட்காரும். இம்மிச்-கோ கருவி இரண்டையும் சேர்த்து ஏற்றும். ஜிப் துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடு, ஏனென்றால் படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் வேறொன்றிலும் இருக்கலாம்.

சந்தாவை வெட்டுவதற்கு முன் ஒரு ஃபோல்டரை டெஸ்க்டாப் பேக்கப்பிலிருந்து புது இடத்துக்கு மீட்டெடு. கோப்புக்குக் கைரேகை போல ஒரு எண் தரும் ஷா256சம் கட்டளையால் மூலத்தோடு ஒப்பிடு. நாலைந்து வீடியோவைக் கடைசிவரை ஓட்டிப் பார். ஃபோனில் "இடத்தைக் காலி செய்" என்ற பொத்தான் கண்ணடிக்கும், அதுவரை தொடாதே.

5, 197, 198 மூன்றின் எண்களையும், பேட்டரி எப்படி இருக்கிறது என்பதையும் எழுது. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று 9-ஆம் வரியில் இருக்கும், அதையும் சேர். மணிக்கு நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிவிடு. நான் சொன்னால் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் குடைவான்.

அன்புடன்,
ரகு