இடைநிலைப்பள்ளி இந்து மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரச் சமய வகுப்பு: வகுப்பறையும் சுற்றறிக்கையும் கோரும் மனு

பெறுநர்:
கல்வித் தலைமை இயக்குநர் அவர்கள்,
மலேசியக் கல்வி அமைச்சு, புத்ராஜெயா.

அனுப்புநர்:
கோயில் சமய வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோர்களும்.

பொருள்: படிவம் 1 முதல் 3 வரை பயிலும் இந்து மாணவர்களுக்குப் பள்ளி வளாகத்தில் சமய வகுப்பு நடத்த அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

படிவம் 1, 2, 3 இந்து மாணவர்களுக்கு, அவர்கள் படிக்கும் இடைநிலைப்பள்ளியிலேயே, பாட நேரத்துக்கு வெளியே, வாரம் ஒரு மணி நேரம் சமய வகுப்பு நடத்த ஒரு வகுப்பறை தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். அமைச்சிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. ஆசிரியரின் போக்குவரத்துச் செலவு, நூல், அச்சு ஆகியவற்றைக் கோயில்களும் பெற்றோரும் ஏற்றுக்கொள்கிறோம். வேண்டுவது ஓர் அறையும், அதைக் கொடுக்கலாம் என்று பள்ளி முதல்வருக்குத் தெளிவாகச் சொல்லும் ஒரு சுற்றறிக்கையும்தான்.

படிவம் 1-இல் சேரும் பதின்மூன்று வயதிலிருந்து வகுப்பு வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படிக்கும் பிள்ளைக்குத் தன் சமயத்தைப் பிறரிடம் விளக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. சுற்றியிருப்போர் அதே வழக்கத்தில் வளர்ந்தவர்கள். படிவம் 1-இல் மலாய், சீன, இபான், கடசான் நண்பர்களின் நடுவே உட்கார்ந்ததும் கேள்விகள் வருகின்றன. நெற்றியில் சாம்பல் ஏன்? மாட்டை வணங்குகிறீர்களா? இத்தனை கடவுள் எதற்கு? அலகு குத்தினால் வலிக்காதா? கேட்பவர்கள் கேலிக்குக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். பதில் தெரியாத பிள்ளை வெட்கப்பட்டு மௌனமாகிறது, அல்லது கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒன்றைச் சொல்லிவைக்கிறது. நன்னெறிக் கல்வி நல்ல பாடம். அது முஸ்லிம் அல்லாத மாணவர் அனைவருக்கும் பொதுவான பண்புகளைக் கற்பிக்கிறது. திருநீறு எதற்கு என்று விளக்குவது அதன் வேலையன்று.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். கூட்டரசு அரசியலமைப்பின் 12(2) ஆவது விதி, ஒவ்வொரு சமயத்தாரும் தம் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தரும் நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51 ஆவது பிரிவின்படி, அரசாங்க உதவி பெறும் கல்வி நிலையத்தின் மேலாளர்கள் இஸ்லாம் அல்லாத சமயத்தையும் போதிக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: நாடாளுமன்றம் ஒதுக்கும் நிதியைச் செலவிடக் கூடாது, பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமின்றி எந்த மாணவரும் தம் சமயமல்லாத வகுப்பில் அமரக் கூடாது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிவம் 1-இல் சேர்வது அரசாங்கப் பள்ளிகளில். அப்பிரிவு அவற்றைக் குறிப்பிடவில்லை. ஆகவே அறை கேட்டுப் போனால் ஒரு முதல்வர் சம்மதிக்கிறார், இன்னொருவர் தயங்குகிறார். தயங்குபவர் மீது எங்களுக்குக் குறையில்லை. கையில் எழுத்து வடிவில் எதுவும் இல்லாதபோது எவரும் அப்படித்தான் தயங்குவார்.

கோயிலிலேயே நடத்தலாமே என்று கேட்கலாம். நடத்துகிறோம், தொடர்ந்தும் நடத்துவோம். ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். பதின்ம வயதினருக்கு ஏன் போதவில்லை என்பதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு உபயத்தோடும் மேளத்தோடும் மோதுகிறது. ஞாயிறு காலை மண்டபம் திருமணத்துக்குப் போய்விடுகிறது. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஞாயிறு பள்ளி நாள். ஏழு வயதும் பதினைந்து வயதும் ஒரே பாயில் உட்காரும்போது ஆசிரியர் சிறியவருக்கே சொல்லிக்கொடுக்கிறார், பெரியவர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார். பேருந்தோ வாகனமோ இல்லாத குடும்பத்துப் பிள்ளையால் வரவே முடிவதில்லை. பள்ளியில் நடந்தால் பிள்ளை ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

நேரத்தை எல்லாப் பள்ளிக்கும் ஒன்றாக வகுத்துவிட வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம். இரு நேரப் பள்ளிகளில் கீழ்ப்படிவங்கள் பிற்பகலில் இயங்கினால், அங்கே வகுப்பு முற்பகலில்தான் அமைய முடியும். புறப்பாட நடவடிக்கை நடக்கும் நாளை ஒட்டி வைத்தால் தனியாக வாகனம் தேட வேண்டியதில்லை. எந்த நாள் என்பதை முதல்வரே முடிவு செய்யட்டும்.

வகுப்புக்கு 15 முதல் 25 மாணவர்; ஆண்டுக்கு 32 வகுப்புகள். தேர்வு வாரங்களில் வகுப்பு இல்லை. 60 நிமிடத்தில் வழிபாடு 5, முந்தைய பாடம் 10, புதிய பாடம் 20, பாடல் 15, கேள்வி நேரம் 10. ஒரு மணி நேரமும் பாடிக்கொண்டே இருப்பதுதான் சமய வகுப்பில் வழக்கமாக நேரும் தவறு. குரல் உடையும் வயதுப் பையன்கள் அதில்தான் முதலில் விலகுகிறார்கள்.

முதலாண்டில் பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல். ஒரு பாடலுக்கு ஆறு வாரம். பதம் பிரித்து வாசிப்பது, பொருள், பாடியவர், தலம் ஆகியவை முடிந்த பிறகே பண், அதாவது பாடும் இசை. முதல் திருமுறையின் முதல் பதிகம் என்றால் பாடியவர் ஞானசம்பந்தர், தலம் சீகாழி, பண் நட்டபாடை என்று மூன்றும் சேர்ந்தே மனத்தில் நிற்க வேண்டும். பொருள் தெரியாமல் மெட்டை மட்டும் பிடித்த பிள்ளை, போட்டி முடிந்ததும் மறந்துவிடுகிறது. இரண்டாமாண்டில் கோயிலின் அமைப்பும் விரதங்களும். தைப்பூசப் பாடத்தை மார்கழியிலேயே தொடங்குவோம். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறப்போகும் இளைஞனுக்குப் பூசம் ஒரு நட்சத்திரம் என்பதும், காவடிக்கு முன் விரதம் ஏன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மது அருந்திவிட்டுக் காவடியைத் தொடக் கூடாது என்பதை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்வோம். மூன்றாமாண்டில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகள், ஆழ்வார் பன்னிருவர், மாரியம்மன், முனீஸ்வரர் போன்ற தெய்வங்களின் வழிபாடு, தெலுங்கு, மலையாளக் குடும்பங்களின் வழக்கங்கள். இந்து மாணவர் எல்லாரும் சைவத் தமிழர் அல்லர் என்பதைப் பாடத்திட்டம் மறக்கக் கூடாது.

கேள்வி நேரத்தை நாங்கள் உயிராகக் கருதுகிறோம். தோழர் கேட்கும் கேள்விக்கு மூன்று வாக்கியத்தில், தேசிய மொழியில், மரியாதையோடு பதில் சொல்லப் பழக்குவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். ‘திருநீறு பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த சாம்பல். உடல் ஒருநாள் சாம்பலாகும் என்பதை அது நினைவூட்டுகிறது. அதனால் செருக்கு வேண்டாம் என்று நெற்றியில் அணிகிறோம்.’ இவ்வளவு போதும். எதிரில் இருப்பவரின் சமயத்தோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேசும் பதிலை உடனே திருத்துவோம். 1970 இல் பிரகடனப்படுத்தப்பட்ட தேசியக் கோட்பாட்டின் முதல் நெறியே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். தன் நம்பிக்கையைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கே பிறர் நம்பிக்கையின் அருமையும் விளங்கும் என உறுதியாக நம்புகிறோம்.

மொழி பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்களுக்குப் பாடலை ரூமி (ரோமன்) எழுத்தில் தந்தால் மடமும் மதமும் ஒன்றாகிவிடுகின்றன, குறில் நெடில் குழம்புகிறது, ழகரம் போய்விடுகிறது. ஆகவே பாடல் தமிழ் எழுத்தில், ஒலிப்பதிவோடு. விளக்கம் தமிழிலும் மலாயிலும் எதிரெதிர்ப் பக்கங்களில். மலாயில் எழுதினால் சமயம் நீர்த்துப்போகும் என்று எங்களிலேயே சிலர் அஞ்சுகிறார்கள். மலாய் பேசும் இந்துச் சமூகத்தினரான மலாக்கா செட்டிகள், 1781 இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தை இன்றும் பேணி வருகிறார்கள். அவர்களை நினைத்தால் அந்த அச்சம் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சியை நாங்களே தருவோம். வகுப்பறையில் எப்போதும் பெரியவர் இருவர் இருப்பார்கள். ஆசிரியராக வருபவர் எவர் மீதும் குழந்தைகளுக்கு எதிரான குற்றப் பதிவு இல்லை என்பதைப் பள்ளி சரிபார்த்த பிறகே அவர் உள்ளே வரட்டும். இந்து மாணவர் அல்லாத எவரையும் சேர்க்கவோ அழைக்கவோ மாட்டோம். துண்டுப் பிரசுரம் பள்ளிக்குள் வராது. இந்து மாணவர் என்றாலும் பெற்றோரின் கையொப்பமிட்ட படிவம் இருந்தால் மட்டுமே சேர்ப்போம்; பெற்றோர் வேண்டாம் என்றால் மறுவாரமே பெயரை நீக்குவோம்.

ஆகவே தாங்கள்,

1. அரசாங்க இடைநிலைப்பள்ளிகளில் பாட நேரத்துக்கு வெளியே வகுப்பறை வழங்கலாம் எனச் சுற்றறிக்கை அனுப்பவும்;

2. ஐந்தாறு பள்ளிகளில் ஓராண்டு முன்னோட்டமாக நடத்த அனுமதித்து, வருகைப் பதிவையும் முதல்வரின் மதிப்பீட்டையும் பெற்று, பிறகு விரிவாக்கம் பற்றி முடிவு செய்யவும்;

3. இந்து சமயக் கழகம் உள்ள பள்ளிகளில் இவ்வகுப்பின் வருகையைக் கழக நடவடிக்கையாகப் புறப்பாட மதிப்பீட்டில் கணக்கிடவும்;

4. எங்கள் பாடநூல் கைப்பிரதியை அமைச்சின் அதிகாரி ஒருவர் படித்துத் திருத்தம் சொல்லவும்

ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். நேரில் வந்து விளக்க நாள் குறித்துத் தந்தால் பாடத்திட்டத்துடன் வருவோம்.

இக்கண்,
சமய வகுப்பு ஆசிரியர்கள், பெற்றோர்கள்

இணைப்பு: மூன்றாண்டுப் பாடத்திட்டம், மாதிரிப் பாடம் இரண்டு, பெற்றோர் சம்மதப் படிவம், கையொப்பப் பட்டியல்.