நவம்பர் மழையும் ஒரு விடைத்தாளும்

திருத்துறைப்பூண்டி
ஜனவரி 19

அன்புள்ள வசந்திக்கு,

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று உன் கடிதம் கையில் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு வலக்கண்ணில் புரை எடுத்தாயிற்று. பேப்பரைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் அறுவடை மெஷின் இரவு பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் சம்பா தப்பித்தது.

மாறுதல் கலந்தாய்வில் உனக்கு வால்பாறை விழுந்தது என்று கேட்டபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், குளிரில், தனியாக என்ன செய்வாயோ என்று. உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது. எஸ்டேட் பிள்ளைகளைப் பற்றி நீ எழுதியிருந்த ஒவ்வொரு வரியிலும் நம் பி.எட். ஹாஸ்டல் வசந்தியைப் பார்த்தேன்.

ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "அட்டவணையோ வரைபடமோ கொடுத்துக் கேட்டால் என் பிள்ளைகள் அந்தக் கேள்வியையே தாண்டிப் போய்விடுகிறார்கள், எழுதுகிறவர்களும் தப்பாக எழுதுகிறார்கள், நீ என்னடி செய்கிறாய்?" என்று. படித்ததிலிருந்து மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சென்னையின் பன்னிரண்டு மாத மழை அளவைப் பட்டை வரைபடமாகப் போட்டு, "மழைப்பொழிவின் போக்கை விவரி" என்று கேட்டிருந்தேன். நவம்பர் பட்டை 350 மில்லிமீட்டரைத் தாண்டித் தாளின் உச்சியைத் தொடுகிறது. பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் பட்டை இருப்பதே தெரியாது. நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதியிருந்தாள்: "ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் 75 சதவீத மழை கிடைக்கிறது."

நாடு முழுவதற்கும் அது சரியான வரி. நானே எழுதிப் போட்ட வரி. ஆனால் அவளுக்கு முன்னால் இருந்தது சென்னையின் படம். அதைவிட என்னை உலுக்கியது வேறு. போன நவம்பரில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, மூன்று நாள் எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் அவர்கள் குடும்பம் இருந்தது. அவளுடைய நோட்டுகளை மேசை மேல் பரப்பி ஃபேனில் காயவைத்தது நான். ஐப்பசி அடைமழை என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பெண், கண்ணெதிரே நவம்பர் பட்டை நெட்டுக்குத்தாக நிற்கும்போது, மனப்பாடம் செய்த வரியை நம்பி ஜூன் என்று எழுதுகிறாள்.

அந்த விடைத்தாளைத் திருத்திய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வசந்தி. தாளில் இருப்பதைப் பார்க்கலாம், பார்த்ததை எழுதலாம், அதற்கு மதிப்பெண் உண்டு என்று நாம் இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. தெரிந்ததைக் கொட்டுவதுதான் பரீட்சை என்று பழக்கியிருக்கிறோம்.

அதனால் ஜனவரியில் முதல் வேலையாக ஒன்று செய்தேன். கேள்விகளை வெட்டி எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேனா எடுக்கக் கூடாது. தலைப்பு என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு, அலகு என்ன, இடது அச்சில் என்ன, வலது அச்சில் என்ன என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காலநிலை வரைபடத்தில் இரண்டு பக்கமும் அச்சு இருக்கிறதல்லவா, வெப்பத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. பாதிப் பேர் மழையை வெப்ப அச்சில் வாசித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பிறகு, விவரி என்றால் என்ன, விளக்கு என்றால் என்ன என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். விவரி என்றால் கண் பார்த்தது. விளக்கு என்றால் ஏன் என்பது. விவரி என்று கேட்டால் முதலில் முழுப் படத்தின் போக்கு, அப்புறம் உச்சம், அப்புறம் அதிலிருந்து விலகி நிற்கிற ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண். "சென்னையில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நவம்பரில் 350 மி.மீ.க்கு மேல். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏறக்குறைய மழையே இல்லை." இவ்வளவு போதும். ஒரு பையன் ஜனவரியில் இவ்வளவு, பிப்ரவரியில் இவ்வளவு என்று பன்னிரண்டு வரி எழுதி அட்டவணையை அப்படியே வாக்கியமாக மாற்றியிருந்தான். உழைப்பு மொத்தமும் வீண். பக்கத்திலேயே மும்பையின் படத்தை வைத்ததும் அவனே பிடித்துக்கொண்டான். அங்கே ஜூலை மட்டும் 800 மி.மீ.யைத் தாண்டுகிறது, நவம்பரில் பட்டை தரையோடு கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமாக ஒப்பிக்க யாருக்கும் தோன்றாது.

மக்கள்தொகை அட்டவணை வேறு மாதிரி. அங்கே பார்த்தாலும் கண் ஏமாறும். 1981-91இல் நாட்டின் மக்கள்தொகை வளர்ச்சி வீதம் 23.87 சதவீதம், அடுத்த பத்தாண்டில் 21.54, 2001-11இல் 17.7. "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்றால் வகுப்பே ஒரே குரலில் "மக்கள்தொகை குறைந்துவிட்டது" என்றது. கரும்பலகையில் பக்கத்தில் இன்னொரு வரிசை எழுதினேன். அந்த மூன்று பத்தாண்டுகளில் நாட்டில் கூடியவர்கள் முறையே சுமார் 16 கோடி, 18 கோடி, மறுபடியும் 18 கோடி. வீதம் இறங்குகிறது, கூடும் ஆட்கள் குறையவில்லை. எப்படி? யாரும் பேசவில்லை.

கடைசி பெஞ்சில் வாத்து மேய்க்கிற வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். அறுவடை முடிந்ததும் அப்பாவோடு வயல் வயலாகப் போய்விடுவான், வருகைப் பதிவேட்டில் பாதி நாள் சிவப்புதான். அவனைக் கேட்டேன். "நூறு வாத்து வச்சிருக்கே. வருஷத்துக்கு 25 சதவீதம் கூடுது. எத்தனை கூடும்?" "25 டீச்சர்." "அப்புறம் மந்தை 200 ஆயிடுச்சு. இப்போ 20 சதவீதம்தான் கூடுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "40. மந்தை பெருசு டீச்சர், அதான்" என்றான். வகுப்பு திரும்பி அவனைப் பார்த்தது. அன்றிலிருந்து எந்த அட்டவணை வந்தாலும் "இது சதவீதமா, தலைக்கணக்கா?" என்று முதலில் கேட்கிறவன் அவன்தான்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். 1911-21இன் வளர்ச்சி வீதம் -0.31. எண்ணுக்கு முன்னால் இருக்கிற அந்தக் கழித்தல் குறியைப் பிள்ளைகள் வெறும் கோடு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் மக்கள்தொகை லேசாகக் கூடியது என்றாகிவிடும். 25.21 கோடி 25.13 கோடியாக இறங்கிய பத்தாண்டு அது. 1918இன் இன்ஃபுளூயன்சா எத்தனை வீடுகளைக் காலி செய்தது என்பதெல்லாம் அந்த ஒரு சின்னக் கோட்டுக்குள் இருக்கிறது. 1921ஐ ஏன் மக்கள்தொகையின் பெரும் பிரிவினை ஆண்டு, அதாவது அதற்குப் பிறகு ஏற்றம்தான், என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்பதும் அங்கேதான் தொடங்குகிறது. இப்போது அந்தக் குறியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடச் சொல்கிறேன்.

பாலின விகிதத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆயிரம் ஆண்களுக்கு 2001இல் 933 பெண்கள், 2011இல் 943. கூடியிருக்கிறது, நல்லது என்று எழுதி முடித்துவிடுவார்கள். கீழ் வரிசையில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மட்டும். 927 இருந்தது 919 ஆகியிருக்கிறது. இரண்டு வரிசையும் எதிரெதிராகப் போகின்றன என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். நான் அதை மதிப்பெண்ணுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மழைக் கேள்வியில் ஜூன் என்று எழுதிய அதே பெண், விரலை 919 மேலேயே வைத்துக்கொண்டு, "அந்த 8 பேர் எங்கே டீச்சர்?" என்று கேட்டாள்.

கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்ததைச் சொன்னேன். அதற்கும் முன்னால் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். நம் மாநிலத்தில் அதே பத்தாண்டில் 942லிருந்து 943, இறங்காமல் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்று சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பரீட்சைத் தாளில் ஓர் எண்ணைப் பார்த்து ஒரு பிள்ளை அப்படிக் கேட்டதை என் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். எஸ்டேட் ஆபீஸ்களில் தினசரி மழையைப் பதிவேட்டில் எழுதி வைப்பார்களே, உன் பிள்ளைகளின் அப்பா அம்மா யாராவது கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள். ஒரு வருஷக் கணக்கை மாதவாரியாகக் கூட்டிப் பட்டை வரைபடம் போடச் சொல். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற சின்னக்கல்லாறு உன் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தக் கணக்கும் கிடைத்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டாம். எங்கள் பிள்ளைகளும் இங்கத்திய மழையை அதே மாதிரி வரைந்து, பெயரில்லாமல் உனக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு ஜூன், ஜூலையில் பட்டை எழும்பும், எங்களுக்கு நவம்பரில். எந்த ஊர், எப்படிக் கண்டுபிடித்தாய், ஏன் அப்படி என்று மூன்று கேள்வி. உன் பிள்ளைகளின் விடைத்தாளை நான் திருத்துகிறேன், என் பிள்ளைகளுடையதை நீ திருத்து. அச்சில் ஒரு கட்டம் 50 மி.மீ. என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

இரண்டாம் திருப்புதல் தேர்வுக்கு முன்னால் உன் கட்டு இங்கே வந்து சேர்ந்தால் நன்றாக இருக்கும். வாத்துக்காரப் பையன் அடுத்த வாரம் அப்பாவோடு கிளம்பிவிடுவான் என்று தெரிகிறது. அவன் போவதற்குள் எங்கள் படத்தை அவன் கையால் வரைந்து வாங்கிவிடுகிறேன்.

குளிருக்கு அந்தப் பழைய கம்பளியையே போர்த்திக்கொண்டிருக்காதே, புதிதாக ஒன்று வாங்கு. அம்மா உன்னைக் கேட்டாள்.

அன்புடன்,
மீனாட்சி