கேரவனோடு கிளம்பும் மகளுக்கு

கயல்,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காருக்குப் பின்னால் மாட்டி நீங்கள் இழுத்துக்கொண்டு போகப்போகிற அந்தச் சக்கர வீடு, கேரவன், அழகுதான், அதில் சந்தேகம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம் நின்று சிரிக்கிறீர்கள், என் கண்ணோ அடியில் போய் நிற்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு நீளம் தொங்குகிறது, கழிவுநீர்க் குழாய் எவ்வளவு தாழ்வாக ஓடுகிறது, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தகடு போட்டிருக்கிறார்களா, இதெல்லாம்தான் எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த தடவை தரையில் படுத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

பக்கவாட்டில் ஆஃப் ரோடு, அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது, என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது, பார்த்தேன். வாரண்டி தாளில் பொடி எழுத்தில் வேறு கதை இருக்கலாம். பராமரிக்கப்படும் மண்சாலை வரைதான் எங்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கும் கேரவன்களும் இதே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. கிளம்பும் முன் அந்தத் தாளை முழுதாக ஒரு தடவை படித்துவிடு. மாப்பிள்ளை படிக்க மாட்டார். உன் அப்பாவும் படித்ததே இல்லை.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது நடந்த ஒன்றை உனக்கு நாங்கள் சரியாகச் சொன்னதே கிடையாது. ‘கேரவனில் சின்ன ரிப்பேர், இரண்டு நாள் தாமதம்’ என்று மட்டும் சொன்னோம். விஷயம் அவ்வளவு சின்னதில்லை. நீளமான மண்பாதை, முழுக்க வரிவரியாக, துணி துவைக்கும் பலகை மாதிரி. மெதுவாகப் போனால் பல் ஆடுகிறது, 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி வரிகளின் தலையில் மட்டும் மிதித்துக்கொண்டு மிதந்துவிடும் என்பது உன் அப்பாவின் சித்தாந்தம். நிஜமாகவே காருக்குள் அதிர்வு அடங்கிவிட்டது, பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். ஒரு மணி நேரம் கழித்து எனக்கு இறங்க வேண்டியிருந்தது, நிறுத்தினார். இறங்கினால் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வருவது எனக்குப் பழக்கம், அவர் அதைப் பிரதட்சணம் என்று கிண்டல் செய்வார். அன்றைக்கு, கேரவனின் முன்னால் ஆங்கில A எழுத்து மாதிரி நீளுமே இரும்புச் சட்டம், அதன்மேல் படிந்திருந்த தூசியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கையால் துடைத்தேன். தூசி போனது, கோடு போகவில்லை. வெல்டிங் ஓரமாக ஆரம்பித்துச் சட்டத்தின் பாதி வரைக்கும் விரிசல். ஒரு பக்கத்து ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருந்தது, இன்னொரு பக்கத்தில் அதைப் பிடித்திருந்த கிளாம்பே பிய்ந்து தொங்கியது. உள்ளே கதவைத் திறந்தால் அலமாரிக் கதவுகள் தரையில், திருகாணிகள் கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொண்டிருந்தன.

முன்னால் இரண்டு பேர் மெத்தை சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம், பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது. நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கேரவனுக்குள் ஆள் யாரும் இல்லை, ‘ஐயோ மெதுவா’ என்று கத்துவதற்கு. அதற்கு எது வலிக்கிறது என்பதை நீ இறங்கிப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்பாதையில் அந்த வரி ஏன் விழுகிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன், கோபம்தான் காரணம். 1963-இலேயே கீத் மேதர் என்ற விஞ்ஞானி, மணல் நிரப்பிய வட்டத் தடத்தில் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். 2007-இல் இன்னொரு குழு அதே மாதிரி செய்து பார்த்து, சக்கரத்தில் ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும், மணல் பெரிதோ சிறிதோ, வரி விழுந்தே தீரும் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வேகத்துக்குக் கீழே போனால் மட்டும் தரை தட்டையாக இருக்கிறது, ஆனால் அது யாரும் ஓட்டவே மாட்டாத அளவு மெதுவான வேகம். ஆக, வண்டிகள் ஓடும் மண்பாதை என்றாலே வரியை எதிர்பார்த்துக்கொள். மிதக்கும் சித்தாந்தத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. சக்கரம் மேட்டின் தலையை மட்டும் தொட்டுப் போகிறது என்றால், மீதி நேரம் அது காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. பின்னால் இரண்டரை டன்னை வைத்துக்கொண்டு அப்படி ஒரு வளைவுக்குள் போய்ப் பார், தெரியும்.

சரி, எந்த வேகம் என்று கேட்பாய். எல்லாப் பாதைக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது. 40-இல் ஆரம்பி. அரை மணி நேரத்தில் நிறுத்தி இறங்கி, ஷாக் அப்சார்பர் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோ, தொட்டுவிடாதே, சுட்டுவிடும். உள்ளே இருக்கும் எண்ணெய் ஓயாமல் ஏறி இறங்கியே கொதித்துப்போகும், நுரைத்துவிட்டால் அப்புறம் அது ஷாக் அப்சார்பர் இல்லை, வெறும் குழாய். பிறகு கேரவன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் நான்கு ஹப்பையும் பார். எல்லாம் சூடாகத்தான் இருக்கும். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் கொதிப்பாகவும் இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ கோளாறு. தொடாமலே சூட்டைச் சொல்லும் துப்பாக்கி மாதிரியான வெப்பமானி ஒன்றை வாங்கி உன் பக்கக் கதவில் வைத்துக்கொள், நோட்டில் நான்கு எண்ணையும் எழுது. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

டயர் காற்று விஷயத்தில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். தார்ச்சாலையில் 40 பிஎஸ்ஐ வைத்திருந்தால், மண்பாதையில் 28 அல்லது 30-க்கு இறக்கு, மென்மணல் என்றால் 20, சிக்கினால் அதற்கும் கீழே. இது தொடக்கம்தான், உன் டயரும் எடையும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். காரில் மட்டும் இறக்கிவிட்டுக் கேரவனை அப்படியே விட்டுவிடாதே, அதற்கும் இறக்கு. கல் குத்தினாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதிர்வில் முதல் பங்கை டயரே வாங்கிக்கொள்ளும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டயர் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடிக்கும். காலையில் குளிர்ந்த டயரில் அளந்துவிட்டுக் கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி அள. நான்கைந்து பிஎஸ்ஐ ஏறியிருந்தால் இயல்பு. பத்து ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது எடைக்கும் பாதைக்கும் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். கேரவன் டயருக்கும் காற்றழுத்தத்தைக் காட்டும் சென்சார் மாட்டிக்கொள். அங்கே ஒரு டயர் காற்றுப்போனால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது, கந்தலாகி சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச்சைக் கிழித்தபின்தான் தெரியும்.

எடைக்கு வருகிறேன். கேரவனில் சாமான் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, எடைமேடையில் ஒரு தடவை ஏற்றிவிடு. 3,500 கிலோ இழுக்கும் என்று கார்க்காரர்கள் விளம்பரத்தில் சொல்வார்கள், ஆனால் காரும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுதான் என்று இன்னொரு எண் கையேட்டில் இருக்கும். அது 6,000 என்று வைத்துக்கொள், 3,500 கிலோ கேரவனை மாட்டினால் காருக்கு மிச்சம் 2,500 தான். பல பெரிய வண்டிகள் வெறுமனே நின்றாலே அதை ஒட்டி வந்துவிடும், அப்புறம் நீங்கள் ஏறி உட்காரவே இடமில்லை என்று அர்த்தம். கேரவனை மாட்ட காரின் பின்னால் ஒரு இரும்பு உருண்டை இருக்குமே, டோ பால், அதன்மேல் இறங்கும் எடையையும் பார். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், உன் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. ரொம்பக் குறைந்தால் பின்பாரம் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ரொம்பக் கூடினால் கார் பின்னால் குந்தி முன்சக்கரங்கள் லேசாகிவிடும். 100 லிட்டர் தண்ணீர் என்பது 100 கிலோ, தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, தொட்டி காலியாகக் காலியாக இந்தக் கணக்கும் மாறிக்கொண்டே போகும். உதிரி டயர், ஜெர்ரி கேன், சைக்கிள் என்று எல்லாவற்றையும் பின் பம்பரில் மாட்டித் தொங்கவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வால் ஆட ஆரம்பித்துவிட்டால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தும் பொத்தான் இருக்கும், அதை அழுத்து. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று நின்றுகொண்டிருக்கும்போதே கண்ணை மூடித் தொட்டுப் பழகிக்கொள். மண்பாதைக்கு வந்ததும் கேரவன் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பிரேக் கன்ட்ரோலரின் பலத்தைக் கொஞ்சம் குறைத்து வை, தார்ச்சாலை அளவிலேயே விட்டால் சரளையில் கேரவன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

அப்பா தன் பழைய பாரம் பகிரும் கம்பிகளை, டோ பால் மேல் இறங்கும் பாரத்தைக் காரின் முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்குமே அவற்றை, உங்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தார்ச்சாலையில் மாட்டிக்கொள்ளுங்கள், கரடுமுரடு தொடங்கும் இடத்தில் கழற்றி உள்ளே வையுங்கள். பள்ளத்தில் காரின் மூக்கு மேலேயும் கேரவனின் மூக்கு கீழேயும் மடங்கும்போது அந்தக் கம்பி வளையாது, காரும் கேரவனும் சேரும் ஹிட்ச்சை முறிக்கப் பார்க்கும். சாதாரண டோ பால் இணைப்பும் இப்படி முறுக்கும் பாதைக்குத் தோதில்லை, எல்லாப் பக்கமும் சுழன்று கொடுக்கும் இணைப்பு இருக்கிறதா என்று பார்.

உள்ளே அடுக்கும்போது கனமானது கீழே, அச்சுக்கு நேராக. அலுமினிய டின்களை ஒன்றோடொன்று உரச விடாதே. ஒரு நாள் வரிப்பாதையில் அவை ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து ஓட்டையே போட்டுவிடும், நான் ஒட்டும் தரையை இரண்டு நாள் துடைத்தவள். ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு பழைய சாக்ஸ், அவ்வளவுதான் வைத்தியம். காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். அப்புறம் காரின் பின்கண்ணாடிக்கு ஒரு அட்டையோ நுரைத்தகடோ ஒட்டு. கார் டயர் தெறிக்கிற கல் கேரவன் முகத்தில் மோதித் திரும்பி வந்து காரின் கண்ணாடியையே உடைக்கும், கேட்டால் நம்ப மாட்டாய்.

தண்ணீரைக் கடக்கிற விஷயத்தில் நான் பயந்தாங்கொள்ளி, மறைக்கவில்லை. கேரவன் ஒரு பெரிய காற்றுப் பெட்டி, ஆழம் வந்தால் மிதக்கும், மிதந்தால் ஓட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளும், அது காரையும் கூடவே இழுக்கும். ஓடுகிற தண்ணீரில் உன்னால் பயமில்லாமல் நடந்து அக்கரை போக முடியவில்லையென்றால் கேரவனும் போகக் கூடாது. முதலை இருக்கும் இடம் என்றால் நடந்து பார்க்கவும் கூடாது, திரும்பிவிடு. வரிப்பாதையில் வந்த சூட்டோடு தண்ணீரில் இறங்காதே, சூடான ஹப் சட்டென்று குளிரும்போது தண்ணீரை உறிஞ்சி பேரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் நின்று, ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு இறங்குங்கள்.

வண்டி மணலில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், இதில் மட்டும் என்னோடு வாதாடாதே. இழுவைப் பட்டையை டோ பாலில் மாட்டவே கூடாது, யார் வந்து ‘நான் நூறு தடவை செய்திருக்கிறேன்’ என்றாலும் சரி. அது கேரவனைச் சீராக இழுப்பதற்குச் செய்த குண்டு, வெட்டி இழுத்தால் முறிந்து, பட்டையின் விசையோடு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஒருத்தர் பட்டையைக் கையிலெடுத்தாலே நீ தூரமாகப் போய் நில். முதலில் காற்றை இறக்கு, மணலை வாரித் தள்ளு, அதற்கும் வரவில்லையென்றால் கேரவனைக் கழற்றிவிட்டுக் காரை மட்டும் வெளியே எடு, பிறகு கேரவனைத் தனியாக இழு. மெனக்கெட்ட வேலைதான்.

இன்னொன்று, குறுகிய பாதையில் திரும்ப இடம் இருக்காது, உள்ளே போகும் முன் ஒருத்தர் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்துக்கொண்டால் கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். வாக்கி டாக்கி வாங்குங்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு கையை ஆட்டி, அவர் பார்க்கவில்லை என்று சண்டை போட்டு, எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டைகள் எல்லாம் கேரவனுக்குப் பின்னால்தான் நடந்தன. ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும், காரணம் நின்றபிறகு கேட்டுக்கொள்ளலாம். இதை மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே பேசி வை.

விரிசலுக்குப் பிறகு நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மோசமான பாதை வந்தால், அதன் தொடக்கத்தில் கேரவனைப் பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு, கூடாரமும் இரண்டு நாள் சாமானும் எடுத்துக்கொண்டு காரில் மட்டும் போய்விட்டு வருவோம். உன் அப்பாவுக்கு முதலில் அது தோல்வி மாதிரி இருந்தது, ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இரண்டாம் நாள் அவரே ‘இந்தத் திருப்பத்தில் அதை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் எப்படித் திருப்பியிருப்பேன்’ என்று ஆரம்பித்தார். உங்கள் காரில் ஒரு சின்னக் கூடாரத்துக்கு இடம் இருக்கிறதா பார். இல்லையென்றால் எங்களுடையது பரணில் கிடக்கிறது, ஒரு ஜிப் மட்டும் சரியில்லை, தைத்து வைக்கிறேன்.

அடிப்பக்கப் படத்தை மறக்காதே. ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடமும் தெரிகிற மாதிரி எடு, டார்ச் அடித்துக்கொண்டு.

அம்மா