எலும்புக்கும் சுமை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை இடுப்பு மூட்டு என்றாலே உலோகத்தின் உறுதியைப் பற்றித்தான் பேசுகிறோம். எலும்பின் பக்கம் நின்று பேசுவோர் குறைவு. அம்மாவுக்கு மூட்டு பொருத்திச் சில ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அதை ஒட்டிய தொடை எலும்பின் மேல்பகுதி மங்கி, மெலிந்து கிடந்தது. வலி இல்லையே, அப்புறம் என்ன என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

சுமை விழும் இடத்தில் எலும்பு வலுக்கும், சுமை குறைந்தால் கரையும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை எழுதிவிட்டார். டைட்டானியக் கலவை, எலும்பின் கெட்டியான புறப்பகுதியைவிட ஏறக்குறைய 6 மடங்கு விறைப்பானது. துருப்பிடிக்காத எஃகு சுமார் 10 மடங்கு. உடல் எடையில் பெரும்பங்கை உலோகமே வாங்கிக்கொள்ள, பக்கத்து எலும்பு வேலையில்லாமல் தேய்கிறது. பின்னாளில் மூட்டை மாற்ற நேர்ந்தால், புதியது பற்றிக்கொள்ள நல்ல எலும்பு வேண்டுமே!

எலும்புக்கும் சுமை போய்ச் சேரட்டும் என்று, விறைப்புக் குறைந்த நுண்துளை உலோகம், குட்டைத் தண்டு என ஆய்வுகள் நடக்கின்றன. சரி, அவற்றின் பலன் 2 ஆண்டில் தெரிந்துவிடாது. அதே நோயாளிகளை 15, 20 ஆண்டுகள் விடாமல் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்