எல்லாமே நூறு மீட்டர்

அன்புள்ள சேகர்,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. வேலை, உடம்பு என்றெல்லாம் சாக்குச் சொல்லப்போவதில்லை. வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மா உன்னைக் கேட்டார்கள். பாலு வழக்கம்போல.

நீயும் உன் வண்டியில் நாலு ஸ்பீக்கர் வைக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதனால்தான் அவசரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். போன வாரம் ஒரு லாரிக்கு அடியில் போக இருந்தேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன். போனையும், ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்பையும் ஆக்ஸ் வயரால் (ஹெட்போன் துளையில் செருகுவது) இணைத்தேன். பாட்டும் அருமை, வழி சொல்லும் குரலும் அருமை. சார்ஜ் இறங்குகிறதே என்று வண்டி பேட்டரியிலிருந்து ஒரு சார்ஜர் இழுத்தேன். உடனே ஸ்பீக்கருக்குள் கொசு புகுந்துவிட்டது. ஆக்சிலேட்டரைத் திருகினால் கொசுவும் கூடவே ‘ங்ஙொய்ங்’ என்று ஏறும், விட்டால் இறங்கும். ஆம்ப் மட்டம் என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பாலு வந்தான், ஒரு வார்த்தை பேசாமல் சார்ஜர் வயரைப் பிடுங்கினான். கொசு செத்தது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் வளையம் போட்டுக்கொண்டு, எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சலைப் பாட்டுக்குள் இழுத்து வந்திருக்கின்றன. நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான். பாட்டு தாண்டும், எர்த் தாண்டாது.

போட்டேனா? வயரே வேண்டாம், புளூடூத்துக்கு மாறுகிறேன் என்று கிளம்பினேன். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும் அதே பழைய புத்தி, உனக்குத் தெரியாததா.

புளூடூத் முதல் நாளே மானத்தை வாங்கியது. சிக்னலில் நிற்கிறேன். சுற்றி முப்பது வண்டி. அக்காவிடமிருந்து போன், ஆம்ப் தானாகவே எடுத்துவிட்டது. “மூலத்துக்கு மருந்து வாங்கினியாடா?” இரண்டு ஸ்பீக்கரிலும் கணீரென்று. பச்சை விழுந்தும் பக்கத்து வண்டிக்காரர் நகரவில்லை, என் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் போவார்போல. ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பட்டியலுக்குப் போய் ஆம்பின் பெயரைத் திறந்தால் அழைப்புக்குத் தனி, பாட்டுக்குத் தனி என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அழைப்பை அணைத்துவிடு, பாட்டும் வழிக்குரலும் அப்படியே வரும். நீ இதை முதல் வேலையாகச் செய். உன் வீட்டிலிருந்து வரும் போன்களை நான் கேட்டிருக்கிறேன்.

சரி, லாரி. தெரியாத பாதை, கவனமாகப் போகலாம் என்று பாட்டை நிறுத்திவிட்டு வழிக்குரலை மட்டும் வைத்துக்கொண்டேன். “நூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்” என்றது. நூறு மீட்டரில் ஒரு சந்து மாதிரியும் தெரிந்தது. திரும்பினேன். சந்து இல்லை, யார் வீட்டு வாசலோ. எதிரே லாரி. அவர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இறங்கி வந்தவர் திட்டவில்லை சேகர், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை. மூடியைத் திறக்க என் கை ஒத்துழைக்கவில்லை. அவரே திறந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதே பாதையைப் போட்டு மறுபடி மறுபடி கேட்டேன். போன் திரையில் 300 மீட்டர். ஸ்பீக்கரில் “நூறு மீட்டரில்”. திரையில் 200, ஸ்பீக்கரில் அதே நூறு. முன்னூறில் ‘முன்’ இல்லை, இருநூறில் ‘இரு’ இல்லை. எல்லாமே நூறு மீட்டர்!

கொஞ்ச நேரம் சத்தம் எதுவும் போகாவிட்டால் போன் அந்த ஒலி ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. குரல் வரும்போது மறுபடி திறக்கிறது. ஆம்ப் கண் விழிப்பதற்குள் முதல் சொல்லின் தலை போய்விடுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒலி ஓட்டம் திறந்தே இருக்கும், போன் பாட்டைத் தணித்து அதன் மேல் குரலைப் போடும். கவனமாகப் போக வேண்டும் என்று பாட்டை நிறுத்தினேன் பார், அதுதான் வினை.

இப்போது என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? எங்கள் கூடத்து மின்விசிறி ஓடும் சத்தத்தைப் பத்து நிமிஷம் பதிவு செய்து, காதுக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன். வெற்று மௌனத்தை ஓடவிடாதே. சில ஆம்ப்கள் அதைக் கண்டுபிடித்துத் தூங்கிவிடும். இப்போது முன்னூறு முன்னூறாகவே வருகிறது. பாலு இதற்கு ‘ஃபேன் பாட்டு’ என்று பெயர் வைத்துவிட்டான்.

நாலு ஸ்பீக்கர் விஷயம்: வேண்டாம். வேகம் கூடினால் காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கும், நீ வால்யூமை ஏற்றுவாய், காது போகும். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது கணக்கு. 94க்கு ஒரு மணி நேரம்தான். ஏற்கெனவே உனக்கு இடது காதில் நான் சொல்வது விழாது, அல்லது விழாத மாதிரி நடிப்பாய். ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் போதும், சத்தமும் குறைவாக வைக்கலாம். போனை ஹேண்டில்பாரில் நேராக முறுக்கி மாட்டாதே, அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர் வாங்கு. பெரிய எஞ்சின் வண்டிகளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது.

வயர் ஒன்றுகூட மாட்டாதே, நான் வரும் வரை பொறு. அடுத்த மாதம் வருகிறேன். என் ஆலன் கீ செட்டைத் தேடி எடுத்து வை. மூன்று வருஷம் ஆகிறது. தொலைத்துவிட்டாய் என்றால் இப்போதே எழுதிவிடு.

உன்,
கணேசன்